செவ்வாய்க்கிழமை குகையில் என்ன நடக்கும்? பூதமும் குறளியும் கொள்ளையரும் சேர்ந்து வாழும் கதைக்கு யோசனை தேவை

பரண்பூனை எழுதியது:

வணக்கம் மக்களே. மூன்று மாதமாக ஒரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மலைக்கணவாயில் ஒரு குகை. அரசன் தலைக்கு விலை வைத்த கொள்ளைக் கூட்டம் ஒன்றும், ஊர் துரத்தியடித்த பூதம், குறளி, பேய் சிலவும் அதில் ஒன்றாக ஒளிந்திருக்கிறார்கள். மொத்தம் 40 உருப்படி. வண்டி மறிப்பதை எழுதிவிட்டேன். சிறை உடைப்பதை எழுதிவிட்டேன். காட்டிக்கொடுத்தவனுக்குத் தண்டனைகூட எழுதியாயிற்று. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

எட்டாம் அத்தியாயத்தில்தான் வண்டி நிற்கிறது. அன்று ஒன்றுமே நடக்காது. கொள்ளை கிடையாது, படை வரவில்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. நான் எழுதியது இவ்வளவுதான்: "காலையில் எழுந்தார்கள். கத்தி தீட்டினார்கள். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள்." என் ஆட்களுக்குச் சாகத் தெரிகிறது, வாழத் தெரியவில்லை. யாராவது கைகொடுங்களேன்.

மொட்டைமாடி எழுதியது:

அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிடுங்கள். பூதம் பாத்திரம் தேய்ப்பதைப் படிக்க யார் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவார்கள்? ஏழிலிருந்து நேரே ஒன்பதுக்குப் போங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பூதம் பாத்திரம் தேய்க்குமா என்பதற்கு முன்னால், பூதத்தின் உயரம் என்ன? அதைச் சொல்லாமல் அதன் ஒரு நாளை எழுத முடியாது.

மனிதனைப் போல் 3 மடங்கு உயரம் என்று வையுங்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றும் 3 மடங்கு என்பதால் எடை 27 மடங்கு. ஆனால் அதைத் தாங்குகிற எலும்பின் குறுக்குப் பரப்பு 9 மடங்குதான் கூடும். எலும்பு ஒவ்வொன்றின் மேலும் நமக்கு இருப்பதைவிட 3 மடங்கு பாரம். கலிலியோ 1638இல் வந்த தன் நூலில் இதை எலும்புப் படமே போட்டுக் காட்டியிருக்கிறார்: பெரிய பிராணிக்கு எலும்பு நீளமானால் மட்டும் போதாது, அளவுக்கு மீறித் தடிக்கவும் வேண்டும். ஆகவே உங்கள் பூதம் தாவாது, ஓடாது. வளர்ந்த யானை குதிப்பதில்லை, பார்த்திருப்பீர்கள். நமக்குத் தடுக்கி விழுந்தால் சிராய்ப்பு, அதற்குத் தடுக்கி விழுந்தால் சாவு. தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கும். உட்கார்ந்து எழுவதே அதற்கு ஒரு வேலை. மழைக்காலத்தில் முட்டிவலி.

இன்னொன்று, சாப்பாடு. எடை 27 மடங்கு என்றால் தீனியும் 27 மடங்கு என்று நினைக்காதீர்கள். உடல் பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற தீனித் தேவை குறையும். மாக்ஸ் கிளைபர் 1932இல் போட்ட கணக்குப்படி அந்தப் பூதத்துக்கு ஏறக்குறைய 12 ஆள் சாப்பாடு போதும்.

குறளிக்கு இது தலைகீழ். மனிதனில் கால்பங்கு உயரம் என்றால் எடை 64இல் ஒரு பங்கு. 64 கிலோ ஆளுக்கு எதிரே 1 கிலோ. ஆனால் தன் எடைக்கு அது மனிதனைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தின்ன வேண்டும். சிலவகை மூஞ்சூறுகள் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துப்போகும். குறளியின் வாய் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்க்கிற மற்ற 39 பேரும் என்ன நினைப்பார்கள்? "இது எதையோ திருடித் தின்கிறது" என்றுதான்.

பரண்பூனை எழுதியது:

கடைசி வரிக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. என் குறளிக்கு இதுவரை ஒரே குணம்தான்: குறும்பு. இப்போது அதற்குப் பசி வந்துவிட்டது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மொட்டைமாடி தம்பிக்கு ஒரு வார்த்தை. பூதம் பாத்திரம் தேய்ப்பதை யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். ஒன்பது நூற்றாண்டாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போர்தான் பொருள், கருணாகரத் தொண்டைமான்தான் படைத்தலைவன். ஆனால் நூலில் பாதிக்கு மேல் நடமாடுவது பேய்கள். "பேய் முறைப்பாடு" என்றே ஒரு பகுதி உண்டு. பசியில் தேய்ந்து ஓய்ந்துபோகிறோம், இனித் தாங்காது என்று காளியிடம் போய் நிற்கின்றன. மனுக் கொடுக்கிற கூட்டம் மாதிரியே இருக்கும். "இந்திரசாலம்" என்ற பகுதியில் ஒரு முதுபேய் பிணமும் குருதியும் கிடப்பதுபோல் மாயம் காட்ட, பசித்த பேய்கள் விழுந்தடித்து அள்ளுகின்றன. வாயில் ஒன்றும் இல்லை. சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும்.

போர் முடிந்ததும் பேய்கள் என்ன செய்கின்றன? எடுத்த எடுப்பில் சாப்பாட்டில் பாயவில்லை. முதலில் பல் விளக்குகின்றன! யானையின் தந்தத்தைப் பறித்துப் பல்குச்சி. செத்த யானையின் பழு எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. பிறகு யானையின் மதநீரை எண்ணெயாகத் தேய்த்துக் குளியல், அதன்பிறகுதான் கூழ் அடுவது, பந்தி. கண் தெரியாத பேய், வாய் பேசாத பேய், கனாக் கண்ட பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பரிமாறுகிறார்கள். களத்தில் கிடந்த பிணங்களைப் பற்றி எத்தனையோ புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நாக்கு வழிக்கிற பேயை மறக்க முடிகிறதா? எனக்கு நாற்பது வருடமாக முடியவில்லை.

மொட்டைமாடி எழுதியது:

ஐயா, அது பரணி. சொல் கையில் இருக்கிறவர் பாடியது. நாம் எழுதினால் பல் விளக்குவது பல் விளக்குவதாகத்தான் இருக்கும்.

உப்புமூட்டை எழுதியது:

எல்லாரும் வயிற்றையே பேசுகிறீர்கள், சரி. நான் வேறு கேட்கிறேன். அந்தக் குகையில் எதற்குத் தட்டுப்பாடு?

கதைகளில் கொள்ளையர் என்றால் பொன்மூட்டை மேல் படுத்திருப்பார்கள். காட்டில் பொன்னை வைத்து என்ன செய்வது? வேட்டைக் கறி இருக்கும், விறகு இருக்கும், தண்ணீர் இருக்கும். இல்லாதது உப்பு. அடித்த கறியை உப்புக்கண்டம் போடாவிட்டால் இரண்டு நாளில் நாறும். அடுத்தது ஊசி, நூல். 40 பேர் முள்ளில் புரண்டு திரிகிறார்கள், துணி கிழியாதா? இரும்பு, விளக்கெண்ணெய், பானை. இவை எதுவும் குகையில் விளையாது. ஆகவே ஒளிந்திருக்கிறவன் ஊரைவிட்டு முழுசாக விலகவே முடியாது. மாதம் ஒருமுறை எவனோ ஒருவன் மலையிறங்கி, தெரிந்த ஒரு வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டி, பொன் கொடுத்து உப்பு வாங்கி வருவான். மூட்டைப் பொன்னுக்குக் கைப்பிடி உப்பு என்று அந்த வீட்டுக்காரி சொன்னாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள் இங்கே?

புகையையும் மறக்காதீர்கள். பகலில் அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும், இரவில் மூட்டினால் வெளிச்சம். மூடுபனி இறங்குகிற விடியற்காலைதான் அவர்களுக்கு வாய்த்த நேரம். பனிக்குள் புகை கரையும். ஆக 40 பேருக்கும் ஒருநாளைக்கு ஒரே சமையல், அதுவும் இருட்டோடு. உங்கள் "இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள்" அடிபட்டுப் போச்சு தம்பி.

குப்பை எங்கே கொட்டுகிறார்கள், ஒதுங்க எங்கே போகிறார்கள், இதையும் யோசியுங்கள். காக்கையும் கழுகும் ஓரிடத்திலேயே வட்டமிட்டால் படைக்கு வேறு துப்பே வேண்டாம்.

பரண்பூனை எழுதியது:

உப்புமூட்டை அக்கா, பெயருக்கு ஏற்றபடி முதலில் உப்பைப் பிடித்தீர்கள். அந்தத் தீக்காட்சிதான் அட்டைப்படம் என்று வேறு நினைத்து வைத்திருந்தேன்.

நங்கூரம் எழுதியது:

கொள்ளையர் என்றால் கட்டுப்பாடில்லாத கும்பல் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. சட்டத்துக்கு வெளியே போனவனுக்குத்தான் சட்டம் அதிகம் வேண்டும், ஏனென்றால் அவன் வழக்குப் போட ஓட வேறு இடம் கிடையாது.

1720 வாக்கில் அட்லாண்டிக்கில் திரிந்த பார்த்தலமியு ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளையனின் கப்பல் விதிகள் அச்சாகியிருக்கின்றன. ஆளுக்கு ஒரு ஓட்டு. இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைக்க வேண்டும், அதற்கு மேல் குடிக்கிறவன் இருட்டில் மேல்தளத்துக்குப் போய்க் குடிக்கட்டும். காசு வைத்துச் சூதாடக் கூடாது. கப்பலில் அடிதடி கூடாது, சண்டை இருந்தால் கரையில் இறங்கித் தீர்த்துக்கொள். கை கால் போனவனுக்குப் பொது நிதியிலிருந்து இழப்பீடு. எனக்குப் பிடித்தது கடைசி விதி: வாத்தியக்காரர்களுக்கு ஓய்வுநாளில் ஓய்வு. மற்ற ஆறு நாளும் யார் கேட்டாலும் வாசித்தாக வேண்டும் போல. அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு அத்தியாயம் எழுதலாம்: விரல் வீங்கிய ஒரு பிடில்காரன், நள்ளிரவில் அவனை எழுப்புகிற குடிகாரன்.

பங்குக் கணக்கும் உண்டு. தலைவனுக்கு இரண்டு பங்கு, சாதாரண ஆளுக்கு ஒன்று, நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றரை, ஒன்றேகால். தலைவன் என்றாலும் அவ்வளவுதான். தென்சீனக் கடலை ஆட்டிவைத்த செங் யீ சாவோவின் கூட்டத்தில், அந்த அம்மா 1810இல் சரணடைகிறவரை, வேறு முறை. பிடித்த சரக்கெல்லாம் முதலில் பதிவேட்டில் ஏற வேண்டும். பத்தில் இரண்டு பிடித்தவனுக்கு, எட்டு பொதுக் களஞ்சியத்துக்கு. உங்கள் குகையில் பேரேடு எழுதுவது யார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நங்கூரம் சொன்னதும் கை பரபரக்கிறது. பங்கு பிரிப்பதற்கு நம்மிடம் ஒரு துறையே உண்டு. தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சிக்கு, அதாவது எதிரியின் மாட்டு மந்தையைக் கவர்வதற்கு, ஈரேழு துறை. ஆநிரை கவரக் கிளம்பும் அரவம், ஒற்றறிதல், ஆகோள் என்று போய் "பாதீடு, உண்டாட்டு, கொடை" என்று முடியும். பாதீடு என்றால் பகுத்துக் கொடுப்பது. கொள்ளையை ஒரு துறையிலும் கணக்கை இன்னொரு துறையிலும் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

அந்தக் கணக்கு யார் யாருக்குப் போகிறது என்பதைச் சிலப்பதிகார வேட்டுவ வரியில் பார்க்கலாம். வேட்டுவர்களான எயினர் கவர்ந்து வந்த ஆநிரை யார் யார் முற்றத்தில் நிறைந்தன? கள் விற்கிறவள் முற்றத்தில், வேவு பார்த்துச் சொன்னவன் முற்றத்தில், பறவைச் சகுனம் பார்த்தவன் முற்றத்தில். ஆயுதம் அடித்த கொல்லன், துடி கொட்டியவன், யாழ் மீட்டும் பாணர், நரைத்த தாடிக் கிழவர்கள். வில் பிடித்தவன் மட்டும் கொள்ளைக்காரன் இல்லை. அவன் பின்னால் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது, ஊர் முழுவதற்கும் பாக்கி.

அந்தப் பகுதி தொடங்குவதே நீங்கள் கேட்ட செவ்வாய்க்கிழமையில்தான். கொள்ளை நின்றுபோயிருக்கிறது. சாமியேறிய சாலினி, பக்கத்து ஊர்களில் மாடு பெருகிவிட்டது, நம் மன்றம் பாழாய்க் கிடக்கிறது, எயினர் அறவழிக் குடிகளைப் போல அடங்கிப்போனார்கள் என்று கடிகிறாள். நல்லவர்களாகிவிட்டீர்களே என்று திட்டு!

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் குகையின் நிஜமான சண்டை இதுதான்: பங்கு தலைக்கா, வயிற்றுக்கா? தலைக்கு ஒரு பங்கு என்றால் 12 ஆள் சாப்பாடு தேவைப்படுகிற பூதம் பட்டினி. வயிற்றுக்கு ஏற்றபடி என்றால் பூதம் ஒன்றே கால்வாசியை வாரிக்கொண்டு போகும், ஆனால் அது ஓடாது, ஒளியாது, வண்டி மறிக்கிற இடத்துக்கே வராது. பாறை உருட்டி வாசலை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. "ஒரு பாறைக்குப் பன்னிரண்டு பங்கா?" என்று எவனாவது கேட்பானா மாட்டானா?

மொட்டைமாடி எழுதியது:

கேட்பான். நானே கேட்பேன். சரி, இது கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது.

செம்மண்புழுதி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த இழையில் ஒரு விஷயத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள். கதையில் குறளி என்றால் திருடும், பூதம் என்றால் மந்தம், பேய் என்றால் பழிவாங்கும். பிறந்தாலே குணம் முடிவாகிவிடுகிறதா? 1871இல் பிரிட்டிஷார் ஒரு சட்டம் போட்டார்கள், சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றினார்கள், கைரேகை வைக்கவும் இரவில் வந்து ஆஜராகவும் வைத்தார்கள். 1952இல்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. அதே பட்டியலை மாயக் கதையில் நாமே போட்டுக்கொண்டிருக்கிறோம். "என் குறளி இனமே திருட்டு இனம்" என்று எழுதுகிறபோது கை கூச வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் அப்படிச் சொல்லவில்லை. அது தின்றுகொண்டே இருப்பதால் மற்றவர்கள் அப்படி நினைப்பார்கள் என்றேன்.

செம்மண்புழுதி எழுதியது:

அந்த "மற்றவர்கள் நினைப்பார்கள்" கதைக்குள் வந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கதை சொல்கிறவரே நினைத்தால்தான் வழக்கு.

நள்ளிரவுநரி எழுதியது:

கற்பனைக்கும் விசாரணைக் கமிஷனா? ஒரு குறளி திருடினால் என்ன இப்போது? எல்லாவற்றிலும் அரசியலைக் கொண்டுவந்து

மட்டுறுத்துநர் எழுதியது:

நரி, போன வாரமும் இதே வேதாளம், இதே முருங்கை மரம். இந்த இழையை விட்டுவிடுங்கள். தொடர்ந்து வந்த 11 பின்னூட்டங்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன்.

பரண்பூனை எழுதியது:

செம்மண்புழுதி சொன்னது உறைத்தது. என் முதல் அத்தியாயத்தில் "குறளிக் குலத்துக்கே உரிய திருட்டுப் புத்தி" என்று ஒரு வரி இருக்கிறது. நானே எழுதியது. அழித்துவிட்டேன்.

அடுத்த சந்தேகம். இவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப் பேசுவார்கள்? பூதம் மட்டும் செந்தமிழில் முழங்குகிறது, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

குழூஉக்குறி! ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்குகிற மறைபெயர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பார்கள். வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பார்கள். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். குடித்தால் உள்ளதையெல்லாம் உளறிவிடுவான், ஆகவே சொல்லை விளம்புவது. ஒளிந்து வாழ்கிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை ஏது? பெயர் வைக்கும்போதே பயமும் உள்ளே வந்துவிடுகிறது.

உங்கள் குகைக்கும் அப்படிச் சில வையுங்கள், பயம் எங்கேயோ அங்கே. எதற்குப் பயப்படவில்லையோ அதற்குச் சாதாரணப் பெயர் போதும்.

உப்புமூட்டை எழுதியது:

உப்புக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். படைக்கு ஒரு பெயர். மழைக்கு வேண்டாம்.

பூதம் முழங்குவதற்கு என் காரணம்: நூறு ஆண்டு தனியாகக் கிடந்தது, கடைசியாக யாரோடு பேசியதோ அவர்கள் காலத்துப் பேச்சுத்தான் அதற்குத் தெரியும். பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும், ஏன் என்று தெரியாது.

நங்கூரம் எழுதியது:

ஆயுள் வித்தியாசத்தைத் தொட்டுவிட்டீர்கள், ஒரு கணக்கு. 500 ஆண்டு வாழ்கிற பிராணிக்கு யாரும் வட்டிக்குக் கடன் கொடுக்கக் கூடாது. ஒரு காசு, ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டி, 500 ஆண்டு: 3,900 கோடிக் காசுக்கு மேல் போகும். அப்படிப்பட்டவர்களிடையே கடன் என்பது ஒன்று வட்டியில்லாமல் இருக்கும், அல்லது கடன் கொடுத்தவனைக் கொன்றுவிடுவது வழக்கமாக இருக்கும்.

தலைமறைவு எழுதியது:

பல நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது, பெயர் அப்படி.

கொள்ளையன் வேறு, சட்டம் கைவிட்டவன் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். பழைய ஐஸ்லாந்துச் சட்டத்தில் இது தண்டனையின் பெயர். இரண்டு தரம். சின்னது மூன்றாண்டு நாடுகடத்தல். பெரியது, ஆயுளுக்கும்: அவனுக்கு யாரும் சோறு போடக் கூடாது, இடம் கொடுக்கக் கூடாது, கப்பலில் ஏற்றக் கூடாது, யார் வேண்டுமானாலும் கொல்லலாம். பழைய இங்கிலாந்தில் அப்படிப்பட்டவனுக்கு "ஓநாய்த் தலை" என்று பெயர். ஓநாயைக் கொன்றால் வழக்கு உண்டா? சிறை வைப்பதில்லை, தூக்கில் போடுவதில்லை. ஊர் தன் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாட்டுப் பழங்கதைகளில் கிரெட்டிர் என்று ஒருவன். பெரும் பலசாலி. 19 ஆண்டு இப்படி அலைந்தான். நடைப்பிணம் ஒன்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தான், ஆனால் அது செத்துப்போகும்போது விட்ட சாபத்தில் அவனுக்கு இருட்டென்றால் பயம் வந்துவிட்டது. நினைத்துப் பாருங்கள், தனியாக ஒளிந்திருந்தால்தான் உயிர், தனியாக இருக்கத்தான் முடியாது. கூட ஆள் வேண்டும். வருகிற ஆளை நம்ப முடியாது. கடைசியில் ஏணி வைக்காமல் ஏற முடியாத ஒரு தீவில் தம்பியோடும் ஒரு வேலைக்காரனோடும் இருந்தான். ஏணியை மேலே இழுத்து வைப்பது வேலைக்காரனின் வேலை. ஒருநாள் அவன் இழுக்காமல் தூங்கிவிட்டான். எதிரிகள் ஏறி வந்து முடித்துவிட்டார்கள்.

மொட்டைமாடி, வாளும் சூழ்ச்சியும் மட்டும் அவனை முடிக்கவில்லை. நீங்கள் தூக்கிவிடச் சொன்ன அந்த எட்டாம் அத்தியாயத்து வேலை ஒன்றைச் செய்ய விட்டுப்போனதால் ஆள் போய்ச் சேர்ந்தான்.

மொட்டைமாடி எழுதியது:

சரி ஐயா. தூக்கச் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். ஏணி தூக்கமே வரவிடாது போலிருக்கிறது.

பரண்பூனை எழுதியது:

நான்கு நாளாக இந்த இழைப் பக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கம் கீழே. தயவுதாட்சண்யம் வேண்டாம்.

"பனி இறங்குவதற்கு முன்னால் வெள்ளாயி எழுந்துவிடுவாள். குகையில் முதலில் எழுவது அவள், கடைசியில் படுப்பது பேய்கள். அவர்கள் விட்ட பாயில் பகல் ஆட்கள் புரளக் கூடாது, பாய் சில்லிட்டிருக்கும், இருமல் வரும். அதை அவள்தான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அடுப்பை ஊதிவிட்டு மடியைத் தடவினாள். ஊசி இல்லை.

கூட்டத்தில் இருந்தது ஒரே ஊசி. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சின்னம்மா'. சின்னம்மாவைக் காணவில்லை என்ற சொல் குகையின் கடைசி வளைவுவரை போய்த் திரும்புவதற்குள் எல்லாரும் சுண்டுவைப் பார்த்துவிட்டார்கள். சுண்டு குறளி. மூலையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது.

'வாயைத் திற' என்றான் காத்தான்.

திறந்தது. பாதி மென்ற கிழங்கு. அது அதன் பங்குதான். நேற்றுப் பிரித்ததில் காத்தானே அளந்து கொடுத்தது.

'மடியை உதறு.'

உதறியது. ஒரு கிழங்குத் துண்டு, ஒரு பல், யாருடையது என்று தெரியாத ஒரு பொத்தான். ஊசி இல்லை. 'விழுங்கியிருக்கும்' என்றான் யாரோ பின்னாலிருந்து. சுண்டு ஒன்றும் சொல்லவில்லை. மெல்லுவதை நிறுத்தியிருந்தது. நிறுத்தினால் அதற்குத் தலை சுற்றும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றார்கள்.

வாசலில் பாறையை நகர்த்திக் காற்று விட்டுக்கொண்டிருந்த மத்தளம் மெதுவாகத் திரும்பியது. பூதம் திரும்ப நேரமாகும். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறுகையை முட்டியில் ஊன்றி, இடுப்பு நெட்டி முறிய உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டது. நேற்றிரவிலிருந்து உள்ளங்காலில் ஏதோ உறுத்துவதுபோல் இருந்தது அதற்கு. முள்ளாக இருக்கும் என்று விட்டிருந்தது.

'அன்னாய், ஈது யாதெனப் பார்' என்றது.

வெடித்த களிமண் தரை மாதிரி இருந்த பாதத்தில், குதிகாலுக்கு மேலே, நூலோடு தொங்கிக்கொண்டிருந்தாள் சின்னம்மா.

பிள்ளைகள் சிரித்தார்கள். காத்தானும் சிரித்தான். வெள்ளாயி ஊசியைப் பிடுங்கி, துடைத்து, நுனி மழுங்கியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்து, மடியில் குத்திக்கொண்டாள். கூழ் கொதித்ததும் முதல் அகப்பையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். சுண்டு அங்கே இல்லை."

உப்புமூட்டை எழுதியது:

ஐயோ, சுண்டு எங்கே போச்சு? இப்படிக் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படித் தம்பி.

செம்மண்புழுதி எழுதியது:

"தெரிந்தும் பேசாமல் நின்றார்கள்" போதும். அதன் மேல் ஒரு வரி விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம் இடிக்கிறது. 27 மடங்கு எடையுள்ள கால் மிதித்தால் ஊசி நேராகவா இருக்கும்? படுத்துக் கிடந்த பாய் விளிம்பில் காலை நீட்டியபோது ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். மிதித்ததாக வேண்டாம்.

நங்கூரம் எழுதியது:

பொத்தான் யாருடையது என்று பின்னால் வருமா?

பரண்பூனை எழுதியது:

வரும். கணக்குப்பிள்ளை, ஊசியைக் கொஞ்சம் வளைத்துவிடுகிறேன். வெள்ளாயி கல்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தட்டும், அதற்கும் ஒரு பத்தி கிடைக்கும்.

தலைமறைவு எழுதியது:

மத்தளம் பாறையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாரும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாறையைத் திரும்ப மூடியது யார்?

பரண்பூனை எழுதியது:

ஐயையோ.